கம்பளிக்குச் சூடு தெரியாது

“கம்பளி நல்லா சூடா இருக்கு” என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் காரைக்குடியில் ஒருவரும் கிடையாது. நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். முதல் முறை அறியாமல். இரண்டாவது முறை எங்கள் அப்பச்சி, என்னைப் பெற்ற அப்பா, போன பிறகு வந்த மார்கழியில், வேண்டுமென்றே வாயைக் கொடுத்து, இவர் மாறிவிட்டாரா பார்ப்போம் என்று. மாறவில்லை. இரண்டு முறையும் ஒரே பாடம்தான் கிடைத்தது.

“கம்பளிக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது ஆச்சி. உள்ள இருக்கிறத உள்ளயே வைக்கும், வெளிய இருக்கிறத வெளியவே வைக்கும். நீங்க போத்தினா உங்க சூட்டைக் காப்பாத்தும். ஐஸுக்குப் போத்தினா ஐஸைக் காப்பாத்தும். அதுக்கு வேற வேலை தெரியாது.”

ஊரில் அவருக்கு ‘ஐஸ் டீச்சர்’ என்று பெயர். கோட்டையூர் போகிற சாலையில், மரம் அறுக்கும் மில்லை ஒட்டி ஐஸ் டிப்போ வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டதற்கும் கம்பளிதான் காரணம் என்று சொல்வார்கள். பரீட்சையில் ‘கம்பளி வெப்பம் தரும்’ என்று எழுதிய வகுப்பு முழுவதற்கும் முட்டை போட்டிருக்கிறார். தலைமையாசிரியை கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகள்தானே, பாதி மார்க்காவது போடுங்கள் என்றிருக்கிறார். பாதி உண்மைக்கு யார் பாதி மார்க் போடுவது என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தோடு போய் நின்றாராம். உண்மையோ, ஊர் சேர்த்த கதையோ தெரியாது. ஆளைப் பார்த்தவர்கள் நம்பாமல் இருக்க முடியாது. நல்ல உயரம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, நடந்தால் தரை அதிரும்.

டிப்போ அவர் வீட்டுக்காரருடையது. அவர் பரம சாது. வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுச் சிவனே என்று உட்கார்ந்திருப்பார், வேதக்காரராக இருந்தாலும் அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இந்த அம்மாவோடு எப்படி ஐயா காலம் தள்ளுகிறீர்கள் என்று சோடாக் கடைக்காரர் ஒருநாள் கேட்டதற்கு, “மரத்தூளா இருந்துக்கிருவேன்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்க்க ஆரம்பித்தாராம். டிப்போவில் ஐஸ் பாளங்களைச் சுற்றி மரத்தூள்தான் கிடக்கும். எது வந்து மோதினாலும் அப்படியே வாங்கி அமுக்கிக்கொள்ளும்.

அந்த மரத்தூளையும் உமியையும் டீச்சர் பேணியதைப் பார்க்க வேண்டும். வேறு வீடுகளில் வத்தல் காயப்போடுவார்கள், இவர் முற்றம் நிறைய மரத்தூளைக் காயப்போடுவார். ஒரு கை ஈரத் தூள் உள்ளே போனால் வேலையாட்களை வறுத்தெடுத்துவிடுவார். ஐஸைக் காப்பது தூளே இல்லையாம், தூளுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்ட காற்றாம். நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், அது வெளிச் சூட்டைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்துவிடும் என்பார்.

நான் அவரிடம் முதலில் போனது என் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது. டாக்டர் நெற்றியில் ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்ததிலேயே நல்ல பித்தளைத் தூக்கை விளக்கி எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் மொள்ளச் சல்லடை கொண்டுவந்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். தூக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஐஸை உமிக்குள் வைத்துச் சாக்கில் பொதிந்து, அதற்கு மேல் ஒரு கிழிந்த கம்பளித் துண்டைச் சுற்றினார். கம்பளி சூடாயிற்றே, உருகிவிடாதா என்று கேட்டேன். அதுதான் முதல் முறை. ரிக்‌ஷாக்காரர் மணியடித்துக்கொண்டே இருக்க, பாடம் முடிந்துதான் என்னை விட்டார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கட்டி வைத்தது வைத்தபடி இருந்தது.

மாதா கோயில் குருவைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார், பாவியின் இதயம் கல்லைப் போலக் குளிர்ந்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். பூசை முடிந்ததும் டீச்சர் அவர் வழியை மறித்து நின்றார். “சாமி, கல்லு குளிர்ந்ததில்ல. இந்தத் தரையும் அந்தப் பெஞ்சும் ஒரே சூட்டுலதான் இருக்கு. கல்லு நம்ம கால்ல இருக்கிறதச் சட்டுன்னு வாங்கிக்குது, பலகை வாங்கிக்கிறதில்ல. அதான் நமக்குக் கல்லு சில்லுங்குது.” சாமியார் நல்ல மனிதர். அப்படியானால் பாவியின் இதயத்துக்கு எதைச் சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறார். கட்டையைச் சொல்லுங்கள், அதுதான் வாங்கவும் செய்யாது கொடுக்கவும் செய்யாது என்று சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த ஞாயிறு சாமியார் கட்டை என்றே சொன்னதாகக் கேள்வி.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் வகை பிரிப்பார். என்னைக் கண்ணாடி டம்ளர் என்றார். வெந்நீரை ஊற்றினால் உள்பக்கம் சூடாகிவிடுமாம், வெளிப்பக்கத்துக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் வெடித்துவிடுமாம். எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் அன்று காலையில்தான் என் மாமியாரிடம் ஒன்றுமில்லாததற்கு வெடித்துவிட்டு வந்திருந்தேன். என்னைப் பெற்ற ஆத்தாவை அவர் ஒருமுறைதான் பார்த்திருந்தார், கொப்புடையம்மன் கோயில் வாசலில். “உங்க ஆத்தா கனத்த செங்கச் சுவரு. பகல் பூரா வெயில வாங்கிக்கிட்டு நிக்கும், உள்பக்கம் தொட்டுப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. பொழுது சாய்ஞ்ச பெறகுதான் சுடும்” என்றார். ஆத்தாவை நாற்பது வருஷமாகத் தெரிந்த பங்காளி வீட்டுப் பெண்கள் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அவருக்கும் சறுக்கியதுண்டு. டிப்போக் கீற்றுக் கொட்டகை அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு கோடையில் அதைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டார். அது வெப்பத்தைக் கடத்தாது என்று புத்தகத்தில் படித்ததை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தார். சித்திரை பிறந்ததும் தகடு மண்டையைப் பிளக்கிற மாதிரி காந்தியது, ஐஸ் பாதியாகிவிட்டது. மீன்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். வேறு யாராவது என்றால் வெயிலின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். இவர் ஆட்களைக் கூப்பிட்டு அந்தத் தகட்டுக்கு மேலேயே பழையபடி கீற்றைப் பரப்பினார். புத்தகத்தில் தப்பில்லை, கால் அங்குலத் தகடு கால் அங்குல வேலைதான் செய்யும் என்பதை நான்தான் மறந்துவிட்டேன் என்று அந்த மீன்காரர்களுக்கே பாடம் நடத்தினார். தோற்றபோதும் அந்தக் குரல் இறங்கவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றும் அவரிடம் இருந்தது. சாவு வீட்டிலும் அவர் திருத்துவார். பிணத்தைத் தொட்டு, ஐயோ இப்படிச் சில்லென்று போய்விட்டதே என்று யாராவது அழுதால், சில்லென்று போகவில்லை, இந்த வீட்டுச் சூடு என்னவோ அதற்கு வந்திருக்கிறது, உங்கள் கைதான் அதைவிடச் சூடு என்பார். துக்கத்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லலாமா? கல்நெஞ்சக்காரி என்று பேசினார்கள். அவர் வந்தால் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நாளடைவில் சாவு வீடுகளில் அவருக்குச் சொல்லிவிடுவதையே நிறுத்தினார்கள்.

அப்படிப்பட்டவரை எங்கள் வீட்டுச் சாவுக்கு நானே போய் அழைத்து வந்தேன்.

அப்பச்சி இறந்தது சித்திரைக் கத்திரி வெயிலில், விடிகிற நேரத்தில். எனக்கு ஒரே அண்ணன், அவன் பினாங்கில் கடையில் இருந்தான். ஊருக்கு வந்து தொழிலைப் பார் என்று அப்பச்சியும், முடியாது என்று அவனும் கடிதத்திலேயே முட்டிக்கொண்டு, சில வருஷமாகப் பேச்சு இல்லை. படுக்கையில் விழுந்த பிறகு அப்பச்சியின் வீம்பெல்லாம் கரைந்துவிட்டது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே வந்துட்டானா என்பார். போவதற்கு முந்தின நாள் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் வந்து என் மொகத்தப் பாக்காம என்னைய எடுத்துறாத” என்றார். ஆத்தா சரி என்றாள். ஆத்தா ஒன்றுக்குச் சரி என்றால் சரிதான்.

தந்தி போய், பதில் தந்தியும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. மறுநாள்தான் விமானம், மதராஸில் இறங்கி இரவு ரயிலைப் பிடித்து மூன்றாம் நாள் காலையில் வந்து சேருவான், எடுக்க வேண்டாம். பெரியப்பச்சி தந்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அப்பச்சிக்கு அண்ணன், பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர். இந்த வெயிலில் மூன்றாம் நாள் வரைக்கும் யாரால் முடியும், தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவோம், அவன் வந்து சாம்பலைக் கரைக்கட்டும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆத்தா தூணில் சாய்ந்தபடி, தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

ஐஸ் வைத்துப் பார்ப்போம் என்று பங்காளி வீட்டுப் பையன்கள் ஓடிப் போய்ச் சோடாக் கடைகளில் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வழக்கம்தான் தெரியுமே, நல்லது கெட்டது எது நடந்தாலும் எங்கள் வீடுகளில் முதலில் திறப்பது சாமான் அறையை. ஆத்தா கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தாம்பாளங்கள், பித்தளை அண்டாக்கள், எல்லாம் வெளியே வந்தன. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பெரிய கூடத்தில், இத்தாலி மார்பிள் பாவிய இடத்தில் அப்பச்சியைக் கிடத்தியிருந்தார்கள். கல் குளிர்ச்சி என்று அந்த இடத்தை எடுத்தார்கள். சுற்றிலும் வெள்ளித் தட்டில் ஐஸ். தலைமாட்டில் மின்விசிறி வேறு, ஐஸின் மேல் காற்று அடிக்கும்படி. பார்க்க ராஜா மாதிரிதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீர்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. கோட்டையூர்ச் சாலைக்கு வண்டியை விடச் சொன்னேன். டீச்சர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் விஷயத்தையும் ஆத்தா கொடுத்த வாக்கையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கல்லில் போட்டிருக்கிறார்களா பலகையில் போட்டிருக்கிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கல்லில் என்றேன். எழுந்துவிட்டார்.

வளவுக்குள் வந்து நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். முதலில் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு தலைமாட்டு விளக்கைக் காட்டி, “இது இருக்கட்டும், ஆனா கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி” என்றார். வெள்ளித் தட்டுகளை எடுக்கச் சொன்னார். ஆளை இந்த மார்பிளிலிருந்து தூக்கி வடக்கு அறையில், மரப் பெட்டிக்குள் உமி கொட்டி, அதற்குள் வைக்க வேண்டும் என்றார்.

பெரியப்பச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “பர்மா பூரா பேர் சொன்ன மனுஷன். அவர உமிக்குள்ள பொதைக்கச் சொல்றீகளா? உமி அடுப்புக்குப் போறது.”

“பொதைக்கச் சொல்லல, காக்கச் சொல்றேன்” என்றார் டீச்சர். “இந்தக் கல்லு சில்லுன்னு இருக்குன்னு நெனைக்கிறீக. இது பூமியில இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கி ஐஸுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும். வெள்ளி அதுக்கு மேல. உங்களுக்கு வெள்ளி வேணுமா, மொகம் வேணுமா? ரெண்டும் கெடைக்காது.”

எரிகிற வீட்டில் ஐஸ் விற்க வந்துவிட்டாள் என்று பின்னாலிருந்து எவரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் திரும்பியும் பார்க்கவில்லை. ஆத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா விடிந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தாள்.

“உமியக் கொண்டாரச் சொல்லுங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டீச்சர் சொன்னதுதான் சட்டம். பந்தி பரிமாறப் போடும் தேக்குப் பலகைகளை வைத்து ஆசாரி பெட்டி அடித்தார். அடியில் உமி மூட்டைகள், நான்கு பக்கமும் உமி மூட்டைகள், நடுவில் கட்டில், கட்டிலைச் சுற்றிச் சாக்கில் பொதிந்த ஐஸ் பாளம். உருகும் தண்ணீர் உமியைத் தொடாமல் வெளியே போக மூங்கில் குழாய் வைத்தார். வடக்கு அறையைக் கேட்டதற்கும் காரணம் சொன்னார். அதன் சுவர் இரண்டு முழக் கனம், பகல் சூடு அதைத் தாண்டி உள்ளே வருவதற்குள் வெளியே பொழுது இறங்கிவிடும் என்றார். கடைசியாக மேலே மூடக் கம்பளி வேண்டும், வீட்டில் இருப்பது அத்தனையும் வேண்டும் என்றார்.

சீர்க் கம்பளி, பட்டுக் கரை வைத்த கம்பளி, பெட்டகத்தில் பாச்சை உருண்டை வாசனையோடு கிடந்தது எல்லாம் வந்தது. ஆத்தா மடியில் மட்டும் ஒன்று இருந்தது. சிவப்புக் கரை போட்ட பழைய கம்பளி, அப்பச்சி ரங்கூனில் வாங்கியது, மார்கழி தோறும் அவர் போர்த்திக்கொள்வது. டீச்சர் அதற்கும் கை நீட்டினார். ஆத்தா இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, இருப்பது போதும் என்று போய்விட்டார்.

இளையாத்தங்குடியிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தைக்கு இது பொறுக்கவில்லை. ஐஸுக்குக் கம்பளியைப் போர்த்துகிறார்களே, சூட்டில் உருகிவிடாதா என்று கேட்டுவிட்டார். சாவு வீடென்றும் பாராமல் முழுப் பாடமும் நடந்தது. போதாததற்கு அத்தை, காலையில் தொட்டுப் பார்த்தேன், அண்ணன் உடம்பு சில்லென்று கிடந்தது என்று மூக்கைச் சிந்த, டீச்சர் அதையும் விடவில்லை. அத்தை அன்றைக்கு முழுவதும் டீச்சர் இருந்த பக்கம் முகத்தையே திருப்பவில்லை. அழைத்து வந்தவள் நான், எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

பெட்டி மூடியதும் அவர் போட்ட கட்டளைதான் எல்லாவற்றிலும் கடுமை. மகன் வருகிற வரைக்கும் திறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே தங்கியிருக்கும் குளிர்ந்த காற்று போய்விடும், அதை ஈடுகட்ட ஐஸ் அழிய வேண்டும். வெளியூர்களிலிருந்து பங்காளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். சாவுக்கு வந்தவன் முகம் பார்க்காமல் எப்படிப் போவது? கெஞ்சினார்கள், சத்தம் போட்டார்கள். டீச்சர் வடக்கு அறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மகன் பார்த்த பிறகு பார்க்கலாம் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். பெண்கள் மூடிய பெட்டியைச் சுற்றி நின்று அழுதுவிட்டுப் போனார்கள். ஐஸ் மாற்றும் வேளையில் மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியின் ஓரத்தை லேசாகத் தூக்கி வேலையாட்களை வைத்து முடித்துவிட்டு வந்துவிடுவார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆத்தா எழுந்து வந்தாள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவள், இரண்டு நாளாக ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். “ஒரே ஒரு தடவ பாத்துக்கிறவா?” என்று கேட்டாள்.

டீச்சர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “நீங்க சொன்னா தொறக்கிறேன் ஆச்சி. உங்க வீடு, உங்க மனுஷன். ஆனா நாளைக்கு உங்க மகன் வர்ற வரைக்கும் நிக்குமான்னு கேட்டா, அப்ப என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார்.

ஆத்தா கதவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அப்பச்சிக்குக் கொடுத்த வாக்கு அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “வேணாம். அவன் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் சுவரோரமாகப் போய் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலை ரயில் வந்தது. அண்ணன் வரவில்லை. தந்திதான் வந்தது. விமானம் தாமதம், ரயிலைத் தவறவிட்டேன், காரில் வருகிறேன். பெரியப்பச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போதும், திறங்கள் என்றார். இனிமேல் காத்திருந்தால் அவன் பார்ப்பதற்கு முகமே இருக்காது என்றார். அந்த நிமிஷம் எனக்கும் அதே பயம்தான். டீச்சர் பெட்டியின் அடியில் குழாய் முனையில் கையை நீட்டி, சொட்டுகிற தண்ணீரை வாங்கிப் பார்த்தார். பிறகு உமி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். “உமி காஞ்சு கெடக்கு. நிக்கும்” என்றார். அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. பெரியப்பச்சி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மீன்காரர்களுக்கென்று வைத்திருந்த பாளங்களையும் அன்றைக்கு டீச்சரின் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பி வைத்தார்.

உச்சி வெயிலில் கார் வந்து நின்றது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தான். டீச்சர் தானே ஒவ்வொரு கம்பளியாக எடுத்து மடித்து வைத்தார். பலகையைத் தூக்கினார்கள். அப்பச்சி தூங்குகிற மாதிரி இருந்தார். நெற்றியில் நாங்கள் இட்ட திருநீறுகூடக் கலையவில்லை. அண்ணன் முட்டி போட்டுக் கட்டிலில் தலையை வைத்து, வந்துட்டேன் அப்பச்சி, வந்துட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். பெரியப்பச்சி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு டீச்சரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

குளிப்பாட்டி, கோடி உடுத்தி, மறுபடி வளவில் கொண்டுவந்து வைத்தார்கள். எடுக்கப் போகிற நேரம். ஆத்தா அப்போதுதான் கிட்டே வந்தாள். மூன்று நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். குனிந்து, இரண்டு கையாலும் அப்பச்சியின் கன்னத்தைத் தொட்டாள். தொட்டதும் அவள் முகம் அப்படியே உடைந்துபோயிற்று.

“ஐயோ, இப்படிச் சில்லுன்னு இருக்காகளே. ரெண்டு நாளா ஐஸுலயே கெடந்தாகளே, எம்புட்டுக் குளிர்ந்திருக்கும்” என்று மடியிலிருந்த சிவப்புக் கரைக் கம்பளியை உதறி விரித்தாள். “இதப் போத்துங்க. போத்தினா சூடாயிரும்.”

ஆத்தாவுக்கு எதிரே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முந்தாநாள் அத்தையிடம் நடந்தது எல்லாருக்கும் நினைவிருந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். இந்தப் பேச்சை விட்டுவைக்கக்கூடிய ஆளா அவர்? ஒரு வார்த்தை சொன்னாரானால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், கண்ணாடி டம்ளர்தானே நான்.

டீச்சர் முன்னால் வந்தார். கம்பளியின் மறு நுனியைப் பிடித்து, அப்பச்சியின் தோளிலிருந்து கால் வரைக்கும் ஆத்தாவோடு சேர்ந்து போர்த்திவிட்டார். பிள்ளைக்குச் செய்வது போல ஓரங்களை உள்ளே செருகினார்.

“நல்ல கம்பளி ஆச்சி” என்றார். “இப்பச் சூடாயிரும். இனிமே குளிராது.”